மைக்கேல் ஸ்டாக்போலுக்குக் கிடைத்த கௌரவங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்டார் வார்ஸ் நாவல்கள் பற்றியோ பழைய கணினி விளையாட்டுகள் பற்றியோ பேச்சு வந்தால் நான் மைக்கேல் ஏ. ஸ்டாக்போல் பெயரை இழுத்துவிடுவேன். உடனே கேள்விகள் வரும். நண்பர்கள், தம்பி தங்கைகள், வாசிப்புக் கூட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் என்று யார் கேட்டாலும் சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதில்களையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

யாருங்க இந்த ஸ்டாக்போல்? பெயரே கேள்விப்பட்டதில்லையே!

அமெரிக்க எழுத்தாளர். 1957-இல் விஸ்கான்சினில் பிறந்தார், வெர்மான்ட்டில் வளர்ந்தார், அங்கேயே பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தார். பிறகு அரிசோனாவுக்குக் குடிபெயர்ந்தார். அறிவியல் புனைகதை, மிகைபுனைவு இரண்டிலும் ஏராளமான நாவல்கள் எழுதியிருக்கிறார். ஸ்டார் வார்ஸ் வரிசையில் ‘எக்ஸ்-விங்’ நாவல்களும் ‘ஐ, ஜெடை’யும், ‘பேட்டில்டெக்’ என்ற ராட்சத எந்திரப் போர் உலகில் நடக்கும் நாவல்களும் அவருக்குப் பெரிய வாசகர் கூட்டத்தைச் சேர்த்தன.

இன்னொரு பக்கம் அவர் கேம் டிசைனர். 1988-இல் வந்த ‘வேஸ்ட்லேண்ட்’ கணினி விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவர். அணுகுண்டுப் போருக்குப் பிந்தைய அமெரிக்கப் பாலைவனத்தில் நடக்கும் ‘ஃபால்அவுட்’ விளையாட்டை உங்களுக்குத் தெரிந்திருந்தால், அதற்கு மூத்தது இதுதான்.

அப்போ அவர் முதலில் எழுத்தாளரா, கேம் டிசைனரா?

முதலில் விளையாட்டு. கல்லூரியில் படிக்கும்போதே, 1978-இல், ‘சிட்டி ஆஃப் டெரர்ஸ்’ என்ற சாகசப் புத்தகத்தை எழுதினார். ‘டனல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ்’ என்ற பாத்திரமேற்று விளையாட்டை (ஆளுக்கொரு கதாபாத்திரமாக மாறிக் கதையை நடத்தும் விளையாட்டு) ஆள் சேராமல் தனியாக ஆடுகிறவர்களுக்கான புத்தகம் அது. வெளியிட்டது அரிசோனாவைச் சேர்ந்த ஃப்ளையிங் பஃபலோ நிறுவனம். 1983-இல் ‘மெர்சினரீஸ், ஸ்பைஸ் அண்ட் ப்ரைவேட் ஐஸ்’ என்று துப்பறியும் கதைகளுக்கான ஒரு முழு விளையாட்டையே வடிவமைத்தார். அச்சில் வந்த முதல் நாவல் 1988-இல் வந்த ‘வாரியர்: ஆன் கார்ட்’. அதுவும் பேட்டில்டெக் விளையாட்டின் உலகத்தில் நடப்பதுதான்.

ஆக, நாவலாசிரியர் என்று பெயர் வருவதற்கு முன்பே பத்து வருஷம் விளையாட்டுத் தொழிலில் இருந்தவர். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய கௌரவங்களைப் புரிந்துகொள்ள இது தேவைப்படும்.

அவருக்குக் கிடைத்த பெரிய கௌரவம் எது?

1994-இல் ‘அகாடமி ஆஃப் அட்வென்ச்சர் கேமிங் ஆர்ட்ஸ் அண்ட் டிசைன்’ அமைப்பின் ஹால் ஆஃப் ஃபேமில், அதாவது அந்தத் துறையின் சாதனையாளர் வரிசையில், சேர்க்கப்பட்டார். மேசை விளையாட்டு, போர் விளையாட்டு, பாத்திரமேற்று விளையாட்டு ஆகியவற்றை உருவாக்குகிறவர்களுக்கான அமைப்பு அது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற புகழ்பெற்ற பாத்திரமேற்று விளையாட்டைத் தந்த கேரி கைகாக்ஸ் 1980-லும், அவருடன் சேர்ந்து அதை உருவாக்கிய டேவ் ஆர்னிசன் 1984-லும் அதே வரிசையில் இடம்பெற்றவர்கள்.

அந்த வருஷத்தைக் கவனியுங்கள். ஸ்டாக்போலின் முதல் ஸ்டார் வார்ஸ் நாவல் வந்தது 1996-இல். இன்று அவரைத் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் எந்தப் புத்தகங்களுக்காகத் தெரிந்துவைத்திருக்கிறார்களோ, அவற்றில் ஒன்றுகூட அப்போது எழுதப்படவில்லை. சக வடிவமைப்பாளர்கள் அவருடைய தொழிலைப் பார்த்து, அதற்கு முன்பே மரியாதை செய்துவிட்டார்கள்.

ஒரு இடத்தில் ‘ஆரிஜின்ஸ் ஹால் ஆஃப் ஃபேம்’னு இருக்கு, இன்னொரு இடத்தில் அகாடமின்னு இருக்கு. ரெண்டு விருதா?

ஒன்றுதான். ஆரிஜின்ஸ் என்பது அமெரிக்காவில் வருஷாவருஷம் நடக்கும் விளையாட்டு மாநாடு. 1975-இல் பால்டிமோரில் தொடங்கியது. அந்த மாநாட்டில் வழங்கப்படுவதால் ஆரிஜின்ஸ் என்கிறார்கள். முடிவு செய்வது அகாடமி என்பதால் சிலர் அந்தப் பெயரைப் போடுகிறார்கள். இரண்டையும் தனித்தனியாகக் கணக்கில் எடுத்து “இரண்டு ஹால் ஆஃப் ஃபேம்” என்று எழுதாதீர்கள்.

ஆரிஜின்ஸ் விருது என்பது வேறு. அது அந்தந்த வருஷம் வந்த ஒரு விளையாட்டுக்கோ புத்தகத்துக்கோ தரப்படுவது. ஹால் ஆஃப் ஃபேம் ஒரு மனிதரின் மொத்த உழைப்புக்குத் தரப்படுவது.

இங்கே ஒரு சேதி சொல்லியாக வேண்டும், எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆரம்ப காலத்தில் அந்த மாநாட்டில் பாத்திரமேற்று விளையாட்டுகளுக்கும் சிற்றுருப் பொம்மைகளுக்கும் தந்த விருதின் பெயர் ‘ஹெச். ஜி. வெல்ஸ் விருது’. கால எந்திரத்தையும் செவ்வாய்க்கிரகப் படையெடுப்பையும் எழுதிய அதே வெல்ஸ்தான். அவர் 1913-இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்று பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் போர் விளையாட்டுக்கு விதிப் புத்தகம் எழுதினார். அறிவியல் புனைகதை எழுதுகிறவர் விளையாட்டும் வடிவமைப்பது ஸ்டாக்போலிடம் தொடங்கிய பழக்கம் இல்லை.

ஹியூகோ, நெபுலா ஏதாவது வாங்கியிருக்காரா?

இல்லை. அறிவியல் புனைகதைக்கான பெரிய விருதுகளான அந்த இரண்டும் கிடைத்ததில்லை.

அப்போ பெரிய எழுத்தாளர்னு எப்படிச் சொல்றீங்க?

ஹியூகோ விருதுக்கு உலக அறிவியல் புனைகதை மாநாட்டின் உறுப்பினர்கள் ஓட்டுப் போடுகிறார்கள். நெபுலாவுக்கு அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கத்தின் உறுப்பினர்கள் ஓட்டுப் போடுகிறார்கள். இன்னொருவருக்குச் சொந்தமான உலகத்தில் எழுதப்பட்ட நாவலைச் சேர்க்கக் கூடாது என்று விதி எதுவும் கிடையாது. ஆனால் நடைமுறையில் ஸ்டார் வார்ஸ் நாவலோ பேட்டில்டெக் நாவலோ அந்தப் பட்டியல்களின் பக்கமே போவதில்லை. உலகம் கடன் வாங்கியது, அதனால் எழுத்தும் கடன்தான் என்ற எண்ணம் ரொம்ப நாளாக இருக்கிறது.

இந்த எண்ணத்தை நான் ஏற்கவில்லை. வேறொருவர் போட்ட எல்லைக்குள், முந்தைய கதைகள் எதையும் உடைக்காமல், அடுத்து எழுத வருகிறவருக்கும் வழிவிட்டு, அதற்குள் ஒரு புது மனிதரை உயிரோடு நிறுத்துவது கடினமான வேலை. எக்ஸ்-விங் வரிசையின் முதல் நாவலான ‘ரோக் ஸ்குவாட்ரன்’ கதையில், படங்களின் நாயகர்களான லூக், லேயா, ஹான் யாரும் மையத்தில் இல்லை. கோரன் ஹார்ன் என்று ஒரு விமானி. முன்னாள் போலீஸ்காரன், அப்பாவை இழந்தவன், தன் திறமையின் மேல் கொஞ்சம் அதிக நம்பிக்கை உள்ளவன். படத்தில் ஒரு நொடிகூட வராத அவனுக்காக வாசகர்கள் அடுத்தடுத்த புத்தகங்களை வாங்கினார்கள். 1998-இல் வந்த ‘ஐ, ஜெடை’ முழுக்க அவனே “நான்” என்று சொல்லும் கதை. ஸ்டார் வார்ஸ் நாவல்களில் தன்மையில் எழுதப்பட்ட முதல் நாவல் அது.

இப்படி எழுதுகிறவர்களுக்கென்று தனியாக ஒரு சங்கம் பிறகு உருவானது. லீ கோல்ட்பெர்க், மேக்ஸ் ஆலன் காலின்ஸ் இருவரும் தொடங்கியது. 2007 முதல் ‘ஸ்க்ரைப்’ விருதுகளைத் தருகிறது. ஸ்டாக்போல் எக்ஸ்-விங் எழுதிய தொண்ணூறுகளில் அப்படி ஒரு விருதே கிடையாது.

நியூயார்க் டைம்ஸ் பெஸ்ட்செல்லர்னு அட்டையில் போட்டிருக்கே, அது விருது இல்லையா?

இல்லை. அது விற்பனைப் பட்டியல். அவருடைய ஸ்டார் வார்ஸ் நாவல்கள் அதில் இடம்பிடித்தன, அது உண்மை. ஆனால் நடுவர் குழு, ஓட்டு எதுவும் அதில் இல்லை. வாழ்க்கைக் குறிப்பில் எழுதலாம், விருதுகள் என்ற தலைப்பின் கீழ் எழுதக் கூடாது.

‘வேஸ்ட்லேண்ட்’ வாங்கின விருது அவருடைய கணக்கில் வருமா? அதை நாலைந்து பேர் சேர்ந்துதானே பண்ணாங்க?

நியாயமான கேள்வி. இன்டர்ப்ளே நிறுவனத்தில் ப்ரையன் ஃபார்கோ தலைமையில் உருவான விளையாட்டு அது. ஆலன் பாவ்லிஷ், கென் செயின்ட் ஆண்ட்ரே, ஸ்டாக்போல், லிஸ் டான்ஃபோர்த் ஆகியோர் வடிவமைத்தார்கள். செயின்ட் ஆண்ட்ரே முன்பு சொன்ன ‘டனல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ்’ விளையாட்டைப் படைத்தவர். டான்ஃபோர்த்தும் ஃப்ளையிங் பஃபலோ வட்டத்திலிருந்து வந்தவர். ‘கம்ப்யூட்டர் கேமிங் வேர்ல்ட்’ பத்திரிகை 1988-இல் வேஸ்ட்லேண்டை அந்த ஆண்டின் சிறந்த சாகச விளையாட்டாகத் தேர்ந்தெடுத்தது. 1996-இல் அதே பத்திரிகை எல்லாக் காலத்துக்குமான சிறந்த 150 விளையாட்டுகளைப் பட்டியல் போட்டபோது ஒன்பதாவது இடம் கொடுத்தது.

இந்தப் பெருமை விளையாட்டுக்கு உரியது, அதாவது அந்தக் குழுவுக்கு உரியது. ஸ்டாக்போல் வாங்கினார் என்று எழுதினால் மற்றவர்களுக்கு அநியாயம். “அவர் வடிவமைப்பில் பங்கெடுத்த விளையாட்டு” என்று எழுதினால் சரி. ஹால் ஆஃப் ஃபேம் அவர் பெயருக்கே வந்தது, வேஸ்ட்லேண்ட் குழுவாக வந்தது. இந்த வித்தியாசத்தைக் கேம் டிசைனர் யாரைப் பற்றி எழுதினாலும் கவனிக்க வேண்டும்.

சரி, அந்த விளையாட்டில் அவர் வேலை என்னன்னு தனியா சொல்ல முடியுமா?

ஒன்றைத் தெளிவாகக் காட்டலாம். அந்தக் காலத்து ஃப்ளாப்பி டிஸ்கில் இடம் ரொம்பக் குறைவு. நீளமான வர்ணனையையும் உரையாடலையும் டிஸ்கில் வைக்க முடியாது. அதனால் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் வைத்தார்கள், எண் போட்ட பத்திகளாக. விளையாட்டில் ஒரு கட்டத்துக்கு வந்ததும், இந்த எண்ணுள்ள பத்தியைப் படி என்று திரையில் வரும். புத்தகத்தைப் புரட்டிப் படித்துவிட்டுத் திரும்ப வர வேண்டும். திருட்டுப் பிரதி வைத்திருப்பவரிடம் புத்தகம் இருக்காது, ஆகவே அது பூட்டாகவும் பயன்பட்டது.

ஆனால் சிலர் விளையாடாமலே புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்து விடையைப் பிடிக்கப் பார்ப்பார்கள் இல்லையா? அவர்களுக்காகவே பொய்ப் பத்திகளும் இருந்தன. விளையாட்டில் எங்குமே வராத செவ்வாய்க்கிரகக் கதை ஒன்று அதில் துண்டு துண்டாகக் கிடக்கும். குறுக்குவழியில் போகிறவர் அதை நம்பித் தடம் மாறிப்போவார். பத்திப் புத்தகம் எழுதியதில் ஸ்டாக்போலுக்கு முக்கியப் பங்கு உண்டு. தனியாக ஆடும் சாகசப் புத்தகங்களும் எண் போட்ட பத்திகளாலானவைதான். பத்து வருஷம் அந்த வேலையைச் செய்து பழகிய கை அது. ஒரு நாவலாசிரியர் மட்டும் செய்யக்கூடியதோ ஒரு ப்ரோகிராமர் மட்டும் செய்யக்கூடியதோ இல்லை.

விண்கல்லுக்கு இவர் பெயர் வைத்தது உண்மையா? அதெல்லாம் காசு கொடுத்தா கிடைக்கும்னு சொல்றாங்களே.

உண்மை. ஆனால் விண்கல் இல்லை, சூரியனைச் சுற்றிவரும் சிறுகோள்: 165612 ஸ்டாக்போல், 2001-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதைக் கண்டுபிடித்ததில் ஜெஃப் மெட்கெஃப் என்ற வானியல் ஆர்வலருக்குப் பங்கு உண்டு. மூடநம்பிக்கைகளைக் கேள்வி கேட்கும் பகுத்தறிவு வட்டத்தில் இருந்தவர் அவர். அதே வட்டத்தைச் சேர்ந்த வானியலாளர் ஃபில் ப்ளேட் போன்றவர்களுக்கும் சிறுகோள் பெயர் வைத்திருக்கிறார்கள். ஸ்டாக்போலும் ஃபீனிக்ஸ் நகரத்துப் பகுத்தறிவு அமைப்பில் முன்னணியில் நின்றவர்.

காசு விஷயம்: விண்மீனுக்கு உங்கள் பெயர் வைக்கிறோம் என்று சான்றிதழ் விற்கிற கடைகள் உண்டு. அவற்றுக்கு எந்த மதிப்பும் கிடையாது. சிறுகோள் கதையே வேறு. முதலில் அதன் சுற்றுப்பாதை உறுதியாக வேண்டும், பிறகு நிரந்தர எண் கிடைக்கும். அதன்பின் பெயர் முன்மொழியும் உரிமை கண்டுபிடித்தவருக்குப் பத்து வருஷம் உண்டு. சர்வதேச வானியல் ஒன்றியத்தின் குழு அதைப் பரிசீலித்து ஒப்புக்கொள்ள வேண்டும். பெயர் பதினாறு எழுத்துக்குள் இருக்க வேண்டும். அரசியல்வாதி, படைத்தலைவர் என்றால் இறந்து நூறு வருஷம் ஆகியிருக்க வேண்டும். எங்கேயும் பணம் கைமாறுவதில்லை.

எழுத்தாளர்களுக்கு அப்படிப் பெயர் வைப்பது வழக்கமா?

வழக்கம்தான். 5020 அசிமோவ், 4923 கிளார்க் இரண்டும் உண்டு. இலங்கையில் வாழ்ந்து மறைந்த அதே ஆர்தர் சி. கிளார்க்தான். நகைச்சுவை அறிவியல் புனைகதை எழுதிய டக்ளஸ் ஆடம்ஸ் பெயரிலுள்ள 25924-ஐ ஏன் அவருக்குத் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? அதன் தற்காலிகக் குறியீட்டில் அவர் இறந்த 2001-ஆம் ஆண்டும், அவர் பெயரின் முதலெழுத்துகளும், அவர் கதையில் புகழ்பெற்ற 42 என்ற எண்ணும் ஒன்றாக இருந்தன. ஆடம்ஸும் தன் கதையைக் கணினி விளையாட்டாக வடிவமைப்பதில் நேரடியாக உழைத்தவர்.

வெறும் கண்ணால் பார்க்க முடியுமா, 165612-ஐ?

முடியாது. அவ்வளவு பெரிய எண்ணுள்ள சிறுகோள்கள் மிகவும் மங்கலானவை.

‘புல்லிங் ரிப்போர்ட்’ ஒரு விருது இல்லையே. அதை ஏன் எப்போதும் சேர்த்தே சொல்றீங்க?

1994-ஐப் பற்றி மேலே சொன்னேன். அந்த மரியாதைக்குப் பின்னால் விளையாட்டுகள் மட்டும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. எண்பதுகளில் அமெரிக்காவில் பாத்திரமேற்று விளையாட்டுகளின் மேல் பெரிய பயம் பரவியது. பாட்ரிசியா புல்லிங் என்ற தாய், 1982-இல் தன் மகன் தற்கொலை செய்துகொண்டதற்கு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் காரணம் என்று நம்பினார். அடுத்த வருஷம் அதை எதிர்க்க ஓர் அமைப்பைத் தொடங்கினார். தொலைக்காட்சியில் பேசினார், காவல்துறையினருக்கு ஆலோசனை சொன்னார். விளையாடுகிற பிள்ளைகள் சாத்தானை வழிபடுகிறவர்களாகப் பார்க்கப்பட்டார்கள்.

மகனை இழந்த தாயின் வேதனை யாருக்கும் புரியும். ஆனால் அவர் சொன்ன கணக்குகள் மற்றவர்களின் பிள்ளைகளைக் குற்றவாளிகளாக்கின. 1990-இல் ஸ்டாக்போல் உட்கார்ந்து அந்தக் கூற்றுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து ஓர் அறிக்கை எழுதினார், அதுதான் ‘புல்லிங் ரிப்போர்ட்’. அதில் அவர் எடுத்துக்காட்டிய ஒன்று: வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட் நகர வட்டாரத்தில் எட்டு சதவீதம் பேர் சாத்தான் வழிபாட்டில் இருக்கிறார்கள் என்று புல்லிங் சொல்லியிருந்தார். எப்படி வந்தது அந்த எட்டு? இளைஞர்களில் நாலு சதவீதம், பெரியவர்களில் நாலு சதவீதம், கூட்டினால் எட்டு. இரு பிரிவிலும் நாலு என்றால் மொத்தத்திலும் நாலுதான் வரும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு.

கூச்சல் போடாமல், திட்டாமல், ஆதாரத்தை அடுக்கிக் காட்டுகிற எழுத்து அது. தன் தொழிலின் மேல் பழி வந்தபோது அந்தத் தொழிலில் இருந்தவர்களுக்காகவும் விளையாடுகிற பிள்ளைகளுக்காகவும் நின்றார். கோப்பையோ பதக்கமோ இதற்குக் கிடைக்கவில்லை. எனக்கு அவரிடம் இருக்கும் மரியாதையில் பாதி இதனால் வந்தது.

‘ரோக் ஒன்’ படம் இவருடைய ‘ரோக் ஸ்குவாட்ரன்’ கதைதானே?

இல்லை. 2016-இல் வந்த அந்த ஸ்டார் வார்ஸ் படத்துக்கும் இவருடைய நாவலுக்கும் தொடர்பில்லை.

2014-இல் பழைய ஸ்டார் வார்ஸ் நாவல்கள் எல்லாம் செல்லாதுன்னு சொல்லிட்டாங்களே. அப்போ அவருடைய சாதனையும் போச்சா?

2014 ஏப்ரலில் லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் பழைய நாவல்களையும் காமிக்ஸையும் ‘லெஜண்ட்ஸ்’ என்ற தனிப் பெயருக்குள் நகர்த்தியது. புதுப் படங்களுக்குக் கதைச் சுதந்திரம் வேண்டும் என்பதுதான் காரணம். புத்தகங்கள் தடை செய்யப்படவில்லை, லெஜண்ட்ஸ் முத்திரையோடு தொடர்ந்து அச்சாகின. கோரன் ஹார்ன் புதுப் படங்களின் வரலாற்றில் இல்லை. லூக்குக்கும் நாவல்களில் மட்டும் வரும் மாரா ஜேடுக்கும் நடந்த கல்யாணமும் இல்லை. அந்தக் கல்யாணத்தை ‘யூனியன்’ என்ற காமிக்ஸில் எழுதியவர் ஸ்டாக்போல்தான்.

மற்றவர் உலகத்தில் எழுதுகிறவருக்கு இருக்கும் ஆபத்து இது. சொந்தக்காரர் ஒரு நாள் வரைபடத்தை மாற்றலாம். ஆனால் கௌரவங்களை இது தொடவில்லை. ஹால் ஆஃப் ஃபேம் ஸ்டார் வார்ஸுக்கு முந்தியது, சிறுகோளுக்கு லூகாஸ்ஃபிலிமுடன் சம்பந்தமே இல்லை.

இன்றைக்கு ஒருவர் கேமுக்கு எழுதினா ஹியூகோவோ நெபுலாவோ கிடைக்குமா?

கிடைக்கும். நெபுலாவில் விளையாட்டு எழுத்துக்கென்று ஒரு பிரிவு வந்துவிட்டது. 2018-இல் வெளியான படைப்புகளிலிருந்து அது தொடங்கியது. முதலில் வென்றது ‘பேண்டர்ஸ்னாட்ச்’, பார்க்கிறவர் முடிவெடுக்கும் நெட்ஃப்ளிக்ஸ் படம். ஹியூகோவில் 2021-இல் ஒரு முறை மட்டும் என்று சிறப்புப் பிரிவு வைத்தார்கள், ‘ஹேடீஸ்’ வென்றது. 2024 முதல் வழக்கமான பிரிவாகவே வந்து ‘பால்டர்ஸ் கேட் 3’ வென்றது.

1988-இல் இந்தக் கதவுகள் இருந்திருந்தால் வேஸ்ட்லேண்ட் உள்ளே போயிருக்கும் என்பது என் நம்பிக்கை. அதனால்தான் “ஹியூகோ வாங்கவில்லை” என்பதை வைத்து அந்தத் தலைமுறை டிசைனர்களை அளப்பது சரியில்லை என்கிறேன். எக்ஸ்-விங் வரிசையை ஸ்டாக்போலுக்குப் பிறகு எழுதிய ஆரன் ஆல்ஸ்டனும் கேம் டிசைனர்தான். அவரும் அதே ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்.

ரசிகர்கள் தரும் அங்கீகாரத்தையும் கௌரவம்னு கணக்கில் எடுக்கலாமா?

2012-ஐப் பாருங்கள். ‘வேஸ்ட்லேண்ட் 2’ செய்ய ஃபார்கோ, பொதுமக்களிடம் பணம் திரட்டும் இணையதளமான கிக்ஸ்டார்ட்டரில் 9 லட்சம் டாலர் கேட்டார். வந்தது ஏறக்குறைய 29 லட்சம் டாலர். பழைய குழுவிலிருந்து ஸ்டாக்போலும் எழுத்துப் பணிக்குத் திரும்பினார். 2014-இல் விளையாட்டு வெளியானது. இருபத்து நாலு வருஷத்துக்குப் பிறகும் அந்த விளையாட்டை நினைவில் வைத்திருந்த சாதாரண மனிதர்கள் தங்கள் பையிலிருந்து கொடுத்த பணம். விருதுகள் என்ற தலைப்பின் கீழ் இதையும் எழுத முடியாது, ஆனால் அவரைப் பற்றி எழுதும்போது விடவும் முடியாது.

சரி, எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

படங்கள் பார்த்தவர் என்றால் ‘ரோக் ஸ்குவாட்ரன்’, அப்புறம் அதே வரிசையில் ‘வெட்ஜஸ் கேம்பிள்’, ‘தி க்ரைடாஸ் ட்ராப்’, ‘தி பேக்டா வார்’. அதன் பிறகு ‘ஐ, ஜெடை’. வேறு யாருடைய உலகமும் வேண்டாம், அவருடைய சொந்தக் கற்பனைதான் வேண்டும் என்றால் ‘டாலியன்: ரெவனன்ட்’. 1997-இல்தான் அச்சானது, ஆனால் எழுதியது அதற்குப் பல வருஷம் முன்பு.

விளையாட வேண்டும் என்றால் 2020-இல் வேஸ்ட்லேண்டைப் புதுப்பித்து வெளியிட்டார்கள், அது இன்றைய கணினியில் ஓடும். ‘புல்லிங் ரிப்போர்ட்’ நீளம் குறைவு, ஒரே மூச்சில் படித்துவிடலாம். வீட்டில் பிள்ளைகள் விளையாடுவதைப் பற்றிக் கவலைப்படுகிற பெற்றோர் கேட்டால் நான் முதலில் அதைத்தான் கொடுப்பேன்.